இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

"சார், நீங்க பொறக்கவே இல்லை" என்றாள் கவுன்டருக்குப் பின்னால் இருந்த எழுத்தர்.

லிஃப்ட் மெக்கானிக் சிரித்தார். அலுவலகங்களில் எதிரே இருப்பவர் ஏதாவது சொன்னால் முதலில் சிரித்துவைப்பது அவர் வழக்கம். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நீங்க கொடுத்த தேதியில, உங்க அப்பா அம்மா பேர்ல எந்தக் குழந்தையும் இல்லை. கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப இங்க நிக்கிறது யாரு மேடம்?"

"அது எங்க செக்‌ஷன் இல்லை சார்."

இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளுக்கு மருத்துவம் பார்த்தவரை, கம்பெனி முதல்முறையாக மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப்போகிறது. பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அவர் இடத்தில் ஜூனியர் ஒருவன் பறந்துவிடுவான்.

"ஸ்கூல்ல சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லியிருப்பாங்க" என்றாள் எழுத்தர். "வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுட்டு வாங்க."

வீட்டில் அம்மா இருந்தாள். பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் எந்த ஆஸ்பத்திரியில பொறந்தேன்?"

"பெரியாஸ்பத்திரி."

"எந்த மாசம்?"

"மழை பெஞ்சுது."

"எந்த வருஷம்மா?"

"நீ பொறந்த வருஷம்தான்டா. பாஸ்போர்ட் இல்லாம உங்கப்பா வாழலையா? பழசை எதுக்குக் கிளறுற?" மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

மறுநாள் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமாக ஐந்து வருடப் பதிவேடுகளையும் தேடச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் போன் வந்தது. கிடைத்துவிட்டது!

எழுத்தர் அவரை அடித்தளத்துப் பதிவறைக்கு அழைத்துப் போனாள். தரையிலிருந்து கூரைவரை தடித் தடியான பதிவேடுகள். ஈரக் காகித வாடை. எங்கோ ஒரு டியூப் லைட் விட்டுவிட்டுத் துடித்தது. ஏணியில் யாருமில்லை.

"இந்த அறையைப் பார்த்துக்கிற அட்டெண்டர் லீவுல இருக்கார். மூட்டு ஆபரேஷன். நானே ஏறி இறங்கி எடுத்தேன். இதோ, இருநூத்திப் பதினாலாம் பக்கம்."

அப்பா பெயர் சரி. அம்மா பெயர் சரி. பழைய வீட்டுத் தெருகூடச் சரி. தேதி மட்டும் பள்ளிக்கூடத்துத் தேதிக்குப் பதினொரு மாதம் முந்தியது. ஒரே நிமிஷத்தில் அவருக்கு ஒரு வயது கூடிப்போனது.

"சரி, பரவாயில்லை. சான்றிதழ் கொடுத்துடுங்க."

"கொடுக்கலாம் சார். ஆனா இதுல 'பெண்'னு இருக்கு."

"என்னது?"

"எழுதினவங்களுக்குக் கை தவறியிருக்கும். நீங்க ஆண்தான்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, திருத்திடலாம்."

தெருமுனை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல சர்டிபை பண்ண என்னய்யா இருக்கு? பார்த்தாலே தெரியுதே!"

"அதையே எழுதிக் கொடுங்க டாக்டர்."

விஷயத்தைக் கேட்ட மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா சமையலை உங்ககிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போயிருப்பேனே!"

அம்மா சிரிக்கவில்லை. "பொண்ணுன்னா எழுதியிருக்கு?" என்று மெல்லக் கேட்டாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் சான்றிதழோடு மறுபடி பதிவறை. எழுத்தர் பேனாவைத் திறந்தாள். பக்கத்தின் ஓரத்தில் மங்கிய சிவப்பு மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். பேனாவை மூடிவிட்டாள்.

"சார், கொஞ்சம் உக்காருங்க."

"நின்னுக்கிறேன், சொல்லுங்க."

"நீங்க மூணாம் நாளே இறந்துட்டீங்க."

அவர் உட்கார்ந்தார்.

"இறப்புப் பதிவேட்டு நம்பர்கூடப் போட்டிருக்கு. இது கை தவறினதில்லை. உங்கம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பொறந்து மூணே நாள் இருந்திருக்கு." அவள் விரல் மெல்ல அடுத்த வரிக்கு இறங்கியது. "இதைப் பாருங்க. அதே நாள், பக்கத்துக் கட்டில். ஆண் குழந்தை. அம்மா பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு. குறிப்புல, 'தாய் சொல்லாமல் சென்றுவிட்டார்'."

"அந்தக் குழந்தை?"

"என்ன ஆச்சுன்னு எழுதலை."

டியூப் லைட் ஒருமுறை அணைந்து எரிந்தது. அந்த வரி இருந்த இடத்தில் மட்டும் காகிதம் மெழுகு தடவியதுபோல வழவழத்து, எழுத்து பாதி அழிந்திருந்தது. யாரோ தடவித் தடவித் தேய்ந்த மாதிரி.

எழுத்தர் என்ன நினைத்தாளோ, வாசலிலிருந்த பார்வையாளர் நோட்டை எடுத்துவந்து புரட்டினாள். புரட்டப் புரட்ட முகம் மாறியது. பழைய நோட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். பிறகு அதற்கும் பழையது ஒன்றை.

"சார், வருஷா வருஷம் இந்தக் குழந்தை பொறந்த தேதியில, யாரோ வந்து இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்காங்க. ஒரு வருஷம்கூட விடலை."

"யாரு?"

பெயர் எழுத வேண்டிய இடத்தில், எல்லா வருடமும் இரண்டே சொற்கள். ஒரு அம்மா.

"விட்டுட்டுப் போனவங்க தேடி வர்றாங்க போல சார்" என்றாள் எழுத்தர், குரலைத் தணித்து. "வர்ற வியாழக்கிழமைதான் அந்தத் தேதி."

அன்று மாலை ஒரு குடியிருப்பில் லிஃப்டுக்குள் நுழையும்போது கதவு அவர்மேலேயே மூடியது. வாசலில் ஆள் நின்றால் தானே திறக்கவேண்டிய கதவு. கையை நீட்டினார், மறுபடி மூடியது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தார். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. படியிறங்கியே கீழே வந்தார்.

"ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அம்மா, காபியை நீட்டி. டம்ளரை வாங்கும்போது முதன்முறையாக அவள் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒற்றுமையே இல்லை. கேள்வி தொண்டைவரை வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மூன்று இரவுகள் தூக்கம் பிடிக்கவில்லை. நாற்பத்தொரு வருடமாகத் தன்னைத் தேடும் ஒருத்தி. அவள் எதிரில் வந்து நின்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? வீட்டில் இருப்பவளிடம் போய் என்ன சொல்வது?

வியாழக்கிழமை காலை, அம்மா கண் டாக்டரிடம் போகவேண்டும் என்றாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, பதிவறைக்கு ஓடினார். அட்டெண்டர் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஓய்வுபெறும் வயதை எட்டியவர், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போனாள். அட்டெண்டர் மெக்கானிக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று இறங்கி வந்தது.

மெக்கானிக் பதிவேட்டு அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கி, இடுக்கு வழியாகப் பார்த்தார்.

குடையும் கையுமாக அவருடைய அம்மா வந்து, வெளிப் பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

அவர் பதறிப்போய் அட்டெண்டரின் கையைப் பிடித்தார்.

"ஐயா, எங்கம்மா! நான் இங்க வந்தது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். அந்தம்மா வர்ற நேரத்துல இவங்க இருந்தா மனசு உடைஞ்சு போயிடுவாங்க!"

அட்டெண்டர் ஊன்றுகோலை ஊன்றி மெல்ல எழுந்தார். குரல் வெளியே கேட்காதபடி குனிந்து சொன்னார்:

"வருஷா வருஷம் வர்ற அம்மா இவங்கதான் தம்பி, அந்த வரியைத் தடவிப் பார்த்துட்டு, 'இந்தப் பையனைத் தேடிக்கிட்டு யாராவது வந்தாங்களா'ன்னு கேப்பாங்க, நான் 'யாரும் வரலைம்மா'ன்னதும் போன உசிரு திரும்பின மாதிரி எழுந்து போவாங்க... இந்த வருஷம் என்னன்னு சொல்லட்டும்?"