சர்க்கரை மண்டிக்குள் ஒரு குளம்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையுமில்லை. நம் சர்க்கரை மண்டியைப் பற்றி மட்டும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

"மழை வருது, மூட்டைகளை மேல ஏத்துங்க" என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். "தண்ணி உள்ள வந்தாத்தானே மச்சான்!" என்று நான் மார்தட்டினேன். தட்டியதோடு நிற்கவில்லை. கொத்தனாரை வைத்துச் சாக்கடைத் துவாரத்தைச் சிமெண்டால் அடைத்தேன். கை கழுவக் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை, சாக்கில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஷட்டர் இடுக்கு, ஜன்னல் இடுக்கு, கடைசியில் பூட்டியிருந்த பின்கதவு இடுக்கு என்று எல்லாவற்றிலும் தாரை அப்பினேன். காற்றுகூட நுழையாது என்றார் கொத்தனார்.

மறுநாள் காலை வானத்தில் ஒரு மேகமில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்க்கிறேன், உள்ளே நெஞ்சளவு தண்ணீர்! மழையே பெய்யவில்லை, வெள்ளம் வந்துவிட்டது. ஒரு மூட்டையையும் காணோம், அத்தனையும் கரைந்துவிட்டது. நம் இரண்டு குடும்பத்துப் பிழைப்பும் போயிற்றே, மச்சான். ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். அவ்வளவு அமைதி, அவ்வளவு பளபளப்பு! கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டேன். "பூமியே ஊறுதுங்க" என்று கொத்தனார் செருப்பைக் கழற்றினார்.

பூட்டுத் துவாரத்தில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். தேன்! எதிர்க்கடை மிட்டாய்க்காரர் கண்ணை மூடிச் சுவைத்து, "இன்னும் ஒரு கொதி விட்டா பாகு" என்றார். தையல்காரருக்குச் சர்க்கரை வியாதி. "ஐயோ, டாக்டர் கொன்னுடுவாரு!" என்று ஓடிப்போய் வாய் கொப்பளித்தார். இத்தனை இனிப்புக்கு ஓர் எறும்புகூட வரவில்லை. அதுகளும் மலைத்துப் போயிருக்கும்.

கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால் நம் மண்டி தெருவில் ஓடிவிடும். நான் பொறுப்புக்கு லாயக்கில்லாதவன், சாவியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். வருவதற்குள் அது வற்றிவிடாமல் இருக்கவேண்டும், நீங்களும் ஒருமுறை பார்க்கவேண்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. இனிப்பு விஷயம் பிள்ளைகள் காதுக்குப் போகவேண்டாம்.

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். தபால்ல போடச் சொன்னாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். இவரு முன்னால ஷட்டருக்குத் தார் பூசிட்டிருந்தப்பவே, சுமைக்காரங்களை வச்சுப் பின்கதவு வழியா எல்லா மூட்டையையும் நம்ம வீட்டு மாடிக்கு ஏத்திட்டேன். முட்டிவலின்னு இவரு மாடிக்கு ஏறுறதே இல்ல. உள்ள நிக்கிறது இவரு மூடாம விட்ட குழாய்த் தண்ணி. வெளி வால்வை இப்பதான் மூடிட்டு வந்தேன். சொல்லிடலாம்னு காலையிலேர்ந்து வாயெடுக்கிறேன், தெருவே இவரைச் சுத்தி நின்னு நாக்கைச் சப்புக்கொட்டுது. அந்த முகத்தைப் பார்த்தா மனசு வரல, சாயந்திரம் சொல்லிக்கிறேன். இப்போதைக்கு விஷயம் தெரிஞ்சது எனக்கும் அந்த எறும்புங்களுக்கும்தான்.