அக்ரூட் மரத்துக்கு ஒரு ரம்பம் வேண்டி

பெருமதிப்புக்குரிய மச்சான் ஹம்மு அவர்களுக்கு, தங்கள் தங்கை இத்தோவின் கணவன் மோஹா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் இத்தோவும் கோவேறு கழுதையும் நலம். மராக்கேஷில் தாங்களும் தங்கள் லாரியும் நலமென நம்புகிறேன். கடிதம் கண்டதும் பெரிய ரம்பத்தோடு புறப்பட்டு வரவும்.

நம் ஊர் யூதர்கள் ஊரைவிட்டுப் போனபோது என் அப்பாவிடம் கொடுத்த அவர்கள் மையவாடியின், அந்தக் கல்லறைத் தோட்டத்தின், சாவி இன்றும் என் இடுப்பில்தான் தொங்குகிறது என்பது தாங்கள் அறிந்ததே. சிறுவனாகப் போன மீமூன் கொஹென் தாயாரின் கல்லறையைப் பார்க்கப் போன வாரம் நேரிலேயே வந்துவிட்டார். நான் முள்வெட்டி, சுண்ணாம்படித்து, கதவை அகலத் திறந்துவைத்து, மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளையை எதிர்பார்ப்பதுபோல் நிற்கிறேன், மனிதர் எட்ட நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆடு ஏதும் அசிங்கம் பண்ணிவிட்டதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் சொன்னார், அவர்கள் குருமார் வம்சமாம், அந்த வம்சத்து ஆண்கள் கல்லறைகளை நெருங்கக் கூடாதாம். சரி, வெளியிலாவது உட்காரட்டும் என்று வாசலோர அக்ரூட் மர நிழலில் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தேள் கொட்டினாற்போல் எழுந்து ஓடினார். கிளை சுவரைத் தாண்டிக் கல்லறை மேல் கவிந்திருக்கிறதாம், அதன் அடியில் நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதானாம்.

"மோஹா, மரத்துலேருந்து மூணாவது கல்லறை. நான் சொல்றத எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடுப்பா" என்று வெயிலில் நின்று கத்தினார். எழுத்தெல்லாம் அழிந்துபோன அந்தக் கல்லறைமேல் அவர்கள் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைத்தேன். அவர் ஒரு வரி கத்த, நான் ஒரு வரி கத்த, ஊரே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. கல்யாணம் ஆனது, பேத்திகள் பிறந்தது எல்லாம் சொன்னேன். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகவும் சிகரெட்டைத் தொடுவதே இல்லை என்றும் சொல்லச் சொன்னபோது, தட்டில் பாதாமும் பேரீச்சையும் கொண்டுவந்த இத்தோ சும்மா இருந்தாளா?

"பொய் சொல்லாதீங்கண்ணே, கையில புகையுது பாருங்க. ஆத்தா கேட்டுக்கிட்டிருக்கு."

மனிதர் சிகரெட்டைப் போட்டு மிதித்தார். சிரித்தார், பிறகு அழுதார். வரும் வசந்தத்தில் பேத்திகளோடு வருகிறாராம். இத்தனை காலம் கழித்து வரும் பிள்ளை தாயிடம் தூர நின்று கத்துவதா? மரம் போனால் சுவரை ஒட்டி நின்று மெல்லப் பேசலாம். நிழலும் போய்விடுமே என்கிறாள் தங்கள் தங்கை. அவளுக்கு எதற்கும் ஒரு நொட்டை சொல்ல வேண்டும்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. தங்கள் லாரி டயர்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மோஹா

பி.கு.: ரம்பம் வேண்டாம். ஒட்டும் முன் கடிதத்தை இத்தோவிடம் படித்துக் காட்டினேன். மரத்திலிருந்து எண்ணச் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாளாம். மீமூன் சின்ன வயதில் பார்த்த மரம் இது இல்லையாம், இது அப்போது முளைக்கவே இல்லையாம். அந்த மரம் கிழக்கு மூலையில் நின்றதாம், அதைத் தங்கள் தகப்பனார் வெட்டித்தான் தங்கள் வீட்டு வாசற்கதவைச் செய்தாராம். போய்ப் பார்த்தேன், அடிக்கட்டை இருக்கிறது. அதிலிருந்து மூன்றாவது கல்லறை சுவரோரம்தான், மேலே கிளையும் இல்லை. வெயிலுக்கு ஒரு பெரிய குடை மட்டும் கொண்டுவாருங்கள். நான் தொண்டை கிழியச் சொன்னதையெல்லாம் தப்பான கல்லறையில் வேறு யாரோ கேட்டுவிட்டார்கள். இத்தோ இப்போதுதான் போய் அந்த அம்மாவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். சிகரெட் சங்கதியையும் சொல்லாமல் விடவில்லையாம்.