முன்வரிசைக்கு மேலே தொங்கிய மைக்

குன்சான்,
மார்ச் 9

கர்த்தருக்குள் அன்பான தம்பி பியோங்-ஹோவுக்கு,

உன் அண்ணன் பியோங்-சுக் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் தேஜோனில் சுகமாக இருக்க அதிகாலை ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. ஈஸ்டருக்கு என் நாலு வரி தனிப்பாட்டைக் கேட்க வருகிறேன் என்றாயே, வராதே. தனிப்பாட்டும் இல்லை, இனி பாடகர் குழுவில் நானும் இல்லை.

எல்லாம் புது ஒலிக்கருவியால் வந்தது. பழைய ஸ்பீக்கரில் பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், பாட்டு கரகரக்கும். ஆகவே கட்டடக் குழுத் தலைவனாகிய நானே முன்னால் நின்று எல்லாவற்றையும் மாற்றினேன். வீட்டிலிருந்து நேரலையில் பார்க்கும் முதியவர்களுக்குச் சபையார் பாடுவதும் கேட்கட்டும் என்று முன்வரிசைக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிடச் சொன்னதும் நான்தான். கருவியில் பேச்சுக்கு ஒரு பொத்தான், இசைக்கு ஒரு பொத்தான். பேச்சை அழுத்தினால் எந்தக் குரல் ஓங்கி வருகிறதோ அதைத் தூக்கிவிட்டு மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பிரசங்கம் முடிந்ததும் அதை இசைக்கு மாற்ற வந்த ஒலிப் பொறியாளரிடம், "ஆராதனை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது!" என்று அதட்டியது யார் என்று நினைக்கிறாய்? நான்தான், தம்பி.

அடுத்து எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபிக்கும் நேரம். "ஆண்டவரே!" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு இருநூறு பேரும் அவரவர் கவலையை ஒரே நேரத்தில் கொட்டுவோம், அந்த இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் சொல்வதுகூடக் காதில் விழாது என்ற தைரியத்தில்தானே கொட்டுவோம்! உன் அண்ணி மல்-சூன் முன்வரிசையில், அந்த மைக்குக்கு நேர் கீழே. மீன் ஏலத்தில் கத்திப் பழகிய குரல். எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது:

"ஆண்டவரே, என் வீட்டுக்காரர பாடகர் குழுவிலேர்ந்து எப்படியாவது எறக்கிடுங்க. இருபத்தாறு வருஷமாக் கேக்குறேன். தொண்டை கட்டுனாப் போதும், உயிருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அந்த நாலு வரி மட்டும் வேணாம் ஆண்டவரே!"

இருநூறு பேரும் தங்கள் ஜெபத்தை விட்டுவிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்க்கிறார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியாமல் அழுது அழுது ஜெபித்து முடித்தாள். முடித்ததும் சபை முழுவதும் "ஆமென்!" என்றது. எல்லோரையும்விட ஓங்கிச் சொன்னது என் இரண்டு பக்கமும் நின்ற பாடகர்கள். போதகர் யாங் வாசலில் என் கையைப் பிடித்து, "மூப்பரே, ஒலி ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். மதியச் சாப்பாட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சூப்பில் மட்டும் எனக்கு இரண்டு கரண்டி மாட்டிறைச்சி அதிகம் விழுந்தது. அது இன்னும் அவமானமாக இருந்தது.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன்: "இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? அதான் கேக்கறவர்கிட்ட சொன்னேன்" என்கிறாள்!

ராஜினாமா எழுதிவிட்டேன். அடுத்த தெருச் சபைக்கே போகப்போகிறேன். அங்கே இன்னும் பழைய ஸ்பீக்கர்தான், யார் பாடுவதும் யாருக்கும் தெரியாது. உன் வீட்டின் மேல் கர்த்தரின் கை நிழலாக இருக்கட்டும். உன் மாமியாருக்கு என் வணக்கம்.

மனம் நொந்த அண்ணன்,
டோ பியோங்-சுக்

பி.கு.: தபாலில் போடாமலே ஒரு வாரம் போய்விட்டது. ஞாயிறு காலை அடுத்த தெருச் சபைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது உன் அண்ணி தலையைக் குனிந்தபடி, "எங்கேயும் போக வேணாங்க. நீங்க மேல நின்னு பாடுறீங்க, நான் இருபத்தாறு வருஷமா பெஞ்சுல தனியா உக்காந்திருக்கேன். என் பக்கத்துல வந்து உக்காருங்க" என்றாள். இதை ஏன் அவள் ஜெபத்தில் சொல்லவில்லை? எங்கள் சபைக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் எழுந்து, மூச்சை நிறைய இழுத்து, வாயைத் திறந்தேன். கைப்பையிலிருந்து ஒரு ஜின்செங் மிட்டாயை எடுத்து என் வாய்க்குள் போட்டுவிட்டாள். ஈஸ்டருக்குத் தாராளமாக வா. அந்த மிட்டாய் நாலு சரணத்துக்கும் தாங்குகிறது.