கூட்ஸ் வண்டி பின்னால் போகிறது

"ஏங்க, வண்டி கிளம்பிடுச்சு! எங்க இருக்கீங்க?"

போனில் மனைவி அலறியபோது இயற்பியல் வாத்தியாருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்க இறங்கியவர், விசில் சத்தம் கேட்டதும் பாதி நிரம்பிய பாட்டிலோடு ஓடிவந்து, கண்ணில் பட்ட முதல் பெட்டியில் தாவி ஏறியிருந்தார்.

"ஏறிட்டேன், பின்னாடி ஒரு பெட்டியில இருக்கேன். வண்டி நின்னுக்கிட்டுதான் இருக்கு."

"ஓடுதுங்க! ஜன்னல் வழியாப் பாக்கறேனே!"

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ஒரு கூட்ஸ் வண்டி. பின்னால போகுது."

வாத்தியார் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் நடத்தும் பாடம் இது.

"அப்ப போறது கூட்ஸ்தான். நீ நகர்ற மாதிரி தோணும். இதுக்குப் பேரு சார்பு வேகம்."

"சீட்டெல்லாம் குலுங்குதே!"

"கூட்ஸ் போனா தரை அதிராதா?"

"எனக்குப் பயமா இருக்கு. எதிர் சீட்டுக்காரர் சங்கிலியில கையே வெச்சுட்டாரு."

வாத்தியார் பதறினார். மதியம் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. சங்கிலியை இழுத்தால் விசாரணை, கையெழுத்து என்று வண்டி அங்கேயே கிடக்கும்.

"போனை அவர்கிட்ட குடு!"

கொடுத்தாள்.

"சார், என் கையில அரை பாட்டில் தண்ணி இருக்கு. ஒரு சொட்டு அலுங்கல. கிளம்பற வண்டியில தண்ணி இப்படி நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

மறுமுனையில் "சார் சொல்றது நியாயமாத்தாம்மா இருக்கு. சங்கிலிய விட்டுட்டேன்" என்று அவர் போனைத் திருப்பிக் கொடுப்பது கேட்டது.

வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். அரை நிமிஷத்தில் ஓர் ஆளைத் திருத்தியாயிற்று.

"ஏங்க..." மனைவியின் குரல் இப்போது ரொம்ப நிதானமாக வந்தது. "கூட்ஸ் முடிஞ்சுபோச்சு. இப்ப மரம், வீடு, ரெண்டு மாடு எல்லாம் பின்னால போகுது. அதுவும் சார்பு வேகமா?"

வாத்தியார் வாசலில் தலையை நீட்டிப் பார்த்தார். அவர் தண்ணீர் பிடித்த குழாய் அதே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கூட்டிக்கொண்டே வந்த பெண்மணியிடம் திரும்பினார். "ஏம்மா, நீயே சொல்லு. இந்த வண்டி நகருதா, நிக்குதா?"

அவள் துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி சார். குழாய்க்கு அந்தப் பக்கம் நின்ன வண்டிதான் போயிடுச்சு. இதுக்கு இன்ஜினைக் கழட்டியே ஒரு மணி நேரமாச்சு."