மலை முழுதும் கேட்ட டீச்சர்

எதையும் தொடங்குமுன் என் நிலையைத் தெளிவுபடுத்திவிடுவது முறை. திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்து, எங்கள் தெருவின் முதல் பட்டதாரி என்ற பெயரோடு, தொண்டர் சங்கம் ஒன்றின் அழைப்பை ஏற்றுக் கொல்லிமலைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சென்றவன் நான். மோட்டார் ஏறாத காலம் அது. குண்டூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஓலைக் கொட்டகை போட்டு, பகலில் குழந்தைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தோம். பள்ளியின் பொறுப்பாளன் நான். ஊரார் பின்னர் 'கூப்பாட்டு டீச்சர்' என்று பெயரிட்ட ஆசிரியை வந்து சேரும்வரை அந்த மலையில் என்னை 'ஐயா' என்றுதான் அழைத்தார்கள்.

இந்தப் பூமியில் ரகசியம் என்ற ஒன்றை அறியாமலே வாழ்ந்த ஒரே மனிதப் பிறவி அவர்தான் என்பது என் துணிபு. மற்றவர்களின் குரல் முடியும் இடத்தில்தான் அவர் குரல் தொடங்கும். அடுப்படியில் நின்றுகொண்டு, "அட, உப்புத் தீந்துபோச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். எதிர்ச் சரிவிலிருந்து, "எங்க ஊட்டுல இருக்குதுங்க டீச்சர், கொண்டாரட்டுங்களா?" என்று பதில் வரும்.

அவர் வந்ததே மழையில்தான். சங்கம் அவரிடம் கொடுத்தனுப்பியிருந்த கரும்பலகை மரத்தாலானது அன்று; கறுப்புச் சாயம் பூசிய கித்தான் துணி. சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறலாம். அவர் அதைச் சுருட்டவில்லை. தலைமேல் போர்த்துக்கொண்டு, கரடி நடந்து வருவதுபோல வந்தார். வளைவு தாண்டி உருவம் தெரியுமுன்பே குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க, அந்த பி.ஏ.ங்கறவரு எங்க இருக்காரு?"

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட என்னை 'பி.ஏ.' என்று அழைத்தார்கள். பட்டத்தை நான் மதிக்கிறேன். அதை ஆட்டு மந்தைக்கு நடுவிலிருந்து யாரும் கூவ வேண்டியதில்லை.

பொறுப்பாளன் என்ற முறையில் ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, ஆசிரியைக்கு அடக்கமான குரல் அழகு என்று எடுத்துரைத்தேன். அவர் மனம் வருந்தி, என் காதருகே குனிந்து, தம்மால் இயன்ற மிக மெல்லிய குரலில், "சரிங்க பி.ஏ., இனிமேப்பட்டு மெதுவாப் பேசறேனுங்க" என்றார். மாலையில் ஊர்க்கவுண்டர் தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்க வந்துவிட்டார்.

"டீச்சரு இனி மெதுவாப் பேசுவாங்களாமே. அப்புறம் எங்களுக்குச் சேதி எப்படிங்க தெரியும்?"

அந்த முயற்சியை அத்துடன் கைவிட்டேன்.

சாமைக் கதிர் பால்பிடித்தால் அந்த மலையில் ஒரு வழக்கம். அறுப்பு முடியும்வரை குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பரணுக்குக் குடிபோய்விடுவார்கள். பகலில் கிளியும் குருவியும், இருட்டினால் பன்றி. சரிவு நெடுக மூங்கில் பரண்கள். தகரத்தைத் தட்டுவதும் கவண் வீசுவதும் கூவுவதுமே அப்போது அவர்கள் வேலை. அந்த ஆண்டு கொட்டகையில் ஒரு தலை இல்லை. சங்கத்திலிருந்தோ, பள்ளியைப் பார்வையிடச் செயலாளர் வருவதாகவும், ஆள் இல்லையென்றால் பள்ளியை மூடிவிட்டு எங்களைக் கீழே அழைத்துக்கொள்வதாகவும் செய்தி வந்திருந்தது.

என் கொள்கை தெளிவானது. பள்ளி என்பது ஓர் இடம். மாணவர்தாம் அதை நாடி வரவேண்டும். ஆகவே கொட்டகையில் என் நாற்காலியில் நேராக அமர்ந்திருந்தேன். கூப்பாட்டு டீச்சர் கித்தான் துணியை எடுத்துத் தோளில் போட்டார்.

"நீங்க இங்கயே குந்தியிருங்க பி.ஏ. நான் பள்ளிக்கூடத்தைக் கூட்டிக்கிட்டுக் காட்டுப்பக்கம் போயிட்டு வாரேன்."

போனவர் பரண்களுக்கு நடுவே ஒரு பாறையில் ஏறி நின்று துணியை விரித்துப் பிடித்தார். பக்கத்துப் பரண் படித்துக் கத்தும். அதைக் கேட்டு அடுத்த பரண் கத்தும். சொல் சரிவெல்லாம் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். நாளுக்கொரு பாறை மாறுவார், எல்லாப் பரணுக்கும் எழுத்து கண்ணில் படவேண்டும் என்பதற்காக. எப்படியும் கூவித்தானே ஆகவேண்டும், அதை எழுத்தாகவே கூவிவிட்டால் என்ன என்பது அவர் வாதம். கிளிகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தவில்லை.

"நல்ல படிப்புங்க இது," என்றார் ஊர்க்கவுண்டர் தம் பரணிலிருந்து. "மூணாம் வாய்ப்பாட்டுக்கே கிளி நிக்க மாட்டேங்குது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நேத்துப் பன்னியே எந்திரிச்சு ஓடிப்போச்சு."

"ஏழு எட்டு எத்தினி, அப்புச்சி?" என்று கேட்டார் டீச்சர்.

"அது பன்னிக்குத் தெரியும் சாமி. எனக்கு நாளைக்குச் சொல்லு."

செயலாளர் வந்தார். மலை ஏறிய களைப்பில் முழங்காலைப் பிடித்தபடி காலிக் கொட்டகையைப் பார்த்தார். நாற்காலியில் நான் ஒருவன். "மூடிவிடலாம்," என்றார். நான் விதிமுறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சரிவிலிருந்து வாய்ப்பாடு வந்தது. பரணுக்குப் பரண் எதிரொலித்து, கிழவரும் குழந்தையும் கலந்த ஒரே குரலாக வந்தது. அவரைப் பாறைக்கு அழைத்துச் சென்றேன்.

அவர் எளிதில் மயங்குபவர் அல்லர். "இது வாய்ப்பழக்கம். கிளிப்பிள்ளையும் சொல்லும். நான் எழுதுகிறேன், படிக்கட்டும்," என்று சுண்ணக்கட்டியை வாங்கித் துணியில் பெரிதாக எழுதினார். டீச்சர் பேசாமலிருந்து அன்றுதான் பார்த்தேன். இரு கைகளாலும் துணியை உயர்த்திப் பிடித்தார்.

பக்கத்துப் பரணில் ஒரு பெண் குரல் மெல்ல எழுத்துக்கூட்டியது. "நா...ளை." அடுத்த பரண் வாங்கிக்கொண்டது. "பள்...ளி." மூன்றாவது பரணிலிருந்து ஒரு சிறுமி முழுதாகவே முடித்தாள். "நாளை பள்ளி மூடப்படும்."

சரிவெங்கும் அது சுற்றி வந்தது. பிறகு ஒரு தகரச் சத்தம்கூட இல்லை. கதிரில் கிளிகள் வந்து அமர்ந்தன, யாரும் விரட்டவில்லை.

ஊர்க்கவுண்டரின் குரல் மட்டும் எழுந்தது. "மூடறேன்னு எழுதினது ஆருன்னு கேளு சாமி. அவரையே வந்து கிளி ஓட்டச் சொல்லு."

செயலாளர் தம் துண்டாலேயே துணியைத் துடைத்தார்.

பள்ளி நிலைத்தது. ஆனால் செயலாளர் காரியவாதி. கீழே இறங்கிய கையோடு, இத்தகைய ஆசிரியை பச்சைமலைக்குத் தேவை, அங்கே புதிய பள்ளி தொடங்க உடனே புறப்படவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கொட்டகையைக் காக்க டீச்சர் போட்ட கூச்சலே அவரைக் கொட்டகையிலிருந்து கொண்டுபோயிற்று. ஒரு பட்டதாரிக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

அவர் புறப்பட்ட காலையில், பாதை சரிவில் இறங்கும் இடம்வரை உடன் சென்றேன். பொறுப்பாளனின் கடமை. ஒருவரிடம் சொல்ல வேண்டியதைச் செப்பமான வாக்கியமாக முந்தைய நாளே அமைத்து வைத்திருந்தேன். நன்றாகவே அமைந்திருந்தது. அவர் நின்றார்.

"ஏனுங்க பி.ஏ., என்னமோ சொல்லோணும்னு வாறீங்க, சொல்லாமயே வாறீங்க. என்னங்க?"

சரிவு முழுவதும் தகரம் நின்றது. ஒவ்வொரு பரணிலும் தலைகள் நீண்டன. நான் என்ன சொன்னாலும் என் குரல் எங்கள் இருவரோடு நின்றுவிடும். அவருடைய பதிலோ மலையின் மறுகோடியிலுள்ள எடப்புளி நாடு வரை போகும். அது எந்தப் பதிலாக இருந்தாலும்.

பின்னர் நான் பல ஊர்களில் பணியாற்றி, உரிய மரியாதையோடு ஓய்வு பெற்றேன். இப்போது குடியிருக்கும் தெருவில் ஒலிபெருக்கியும் லாரியும் ஓயாது இரைகின்றன. அனைவரும் என்னை 'சார்' என்கிறார்கள். யாரும் 'பி.ஏ.' என்பதில்லை. மழை பிடிக்கும்போது, என்ன காரணமோ, வாசல் கதவைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறேன்.

அந்தக் காலையில் நான் அவரை மணந்துகொள்ள விரும்புவதாகக் கூறியதாகவும், அவர் மறுத்ததாகவும், அந்த மறுப்பைத் தங்கள் காதாலேயே கேட்டதாகவும் குண்டூர் நாட்டார் இன்றும் சொல்லி வருகிறார்கள் என்று அறிகிறேன். அது தவறு. நான் சொன்னது, துணியை மழையில் நனையவிடாதீர்கள் என்பது மட்டுமே. அவர் மறுக்கவில்லை. "சரிங்க" என்றார்.