தயிர்ச்சட்டியோடு வந்த பதில்

முகநூல் அரசியலில் வாங்கிய திட்டுக்கெல்லாம் பஸ் ஏறிப்போய்ப் பதில் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். கல்லடியில் தண்ணிப் பம்பு திருத்தும் 'நேரில வாறன்' அண்ணன். துரோகி, விலைபோனவன் என்று யார் எழுதினாலும், கீழே அவர் இரண்டே சொல் எழுதுவார்: "நேரில வாறன்." மற்றவர்கள் எழுதினால் அது மிரட்டல். இவர் உண்மையாகவே போய்விடுவார்.

கள்ளப் பெயரில் எழுதுகிறவனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"முகத்துக்குச் சிங்கத்தப் போட்டவன், வயல் படமும் போட்டிரிக்கான். அதில நிக்கிற பம்பு நான் கழட்டிப் பூட்டினது மனே!"

அந்தச் சிங்கத்தைத் தேடி உன்னிச்சைக்குப் போனார். சண்டைக்கென்றாலும் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? தயிர்ச்சட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டார். சிங்கம் பின்வாசலால் ஓடிவிட்டது. சிங்கத்தின் தாய் சோறு போட்டார். பசி தாங்காமல் சிங்கமும் திரும்பிவர, பொழுதுசாயும்வரை இருவரும் தேர்தலைப் பற்றிக் கத்தினார்கள். ஒருவரும் கட்சி மாறவில்லை. கடைசியில் அவன்தான் இவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ்சில் விட்டானாம்.

இதைச் சொல்லிச் சிரிக்கிற எனக்கும் அப்போது ஒரு கள்ளப் பெயர் இருந்தது. கந்தோரில் வாய் திறக்காத அரசாங்க உத்தியோகத்தன், கழுகுப் படத்துக்குப் பின்னால் பெரிய வீரன். ஒருநாள் வாய்க்கொழுப்பில் அவருக்கே எழுதினேன்: "பம்பு கழுவுகிறவனுக்கு அரசியல் எதற்கு?" உடனே பதில் வந்தது. நேரில் வருகிறாராம்.

அதன் பிறகுதான் உறைத்தது. கழுகின் பக்கத்தில் எங்கள் கிணற்றடிப் பூக்களை நானே படம்பிடித்துப் போட்டிருந்தேன். பூவுக்குப் பின்னால், அவர் திருத்தித் தந்த எங்கள் மோட்டர். விஷயம் கந்தோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சட்டியும் கையுமாக வந்துவிட்டார். "இரிங்கண்ணன், தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க" என்று என் மனைவி உபசரித்தாள்.

"மோட்டர ஒருக்காப் பாப்பம் சேர்" என்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். முன்பு தான் சுற்றியிருந்த சிவப்பு டேப்பை உரித்தார். ஊரெல்லாம் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

"இனி ஆராலயும் கண்டுபிடிக்க ஏலா."

"அண்ணன்..."

"கட்சியப் பத்தி என்னவும் எழுதுங்க சேர். தொழிலச் சொன்னதுதான் நொந்திற்று."

மன்னிப்புக் கேட்டேன். தோளில் தட்டிவிட்டுப் போனார். இன்றுவரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் நானே சொல்கிறேன், என் சொந்தப் பெயரில். அவர் இதை வாசிக்க வேண்டும். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.