பதினேழாவது சால்வை என்னுடையது

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மேடையில் வரிசையாகப் போட்டிருந்த பதினொரு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைத் துண்டு. நாற்காலிகளுக்கு இடம் வேண்டுமென்று டிரம்ஸைப் பின்திரையோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். கிடார் இரண்டும் ஒரு மூலையில், குத்துவிளக்குக்குப் பின்னால் நின்றன.

ஒரு ராக் பாடகரின் கச்சேரிக்குப் பதினொரு நாற்காலி எதற்கு? பத்தொன்பது வருடமாகக் கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியவன் அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கைக்குட்டையால் துடைத்து, மனைவியை உட்காரவைத்து, "ஆறு மணின்னா ஆறு மணிதான். பிரான்ஸ்லேர்ந்து வர ஆளு" என்றேன். (இதைச் சொன்னவனை இன்று பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.)

செல்வி என்னைப் பார்க்கவில்லை. மேடையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவரு கரெக்டா வந்துடுவாரு. நம்ம ஆளுங்க?"

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. என் கோபம் ஒரு சுற்றும் இளைக்கவில்லை.

செல்வி நர்ஸ். கோரிமேட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அன்று எட்டு மணிக்கு நைட் டியூட்டி. மகளின் பரீட்சைக்காக முந்தின வாரமே ஒரு ஷிப்டை மாற்றி வாங்கியிருந்ததால் மறுபடி கேட்க முடியவில்லை. அதனால் வெள்ளைச் சீருடையிலேயே, மடியில் சாப்பாட்டுப் பையோடு ராக் கச்சேரிக்கு வந்திருந்தாள். ஏழேகால் வரைக்கும் உட்காருவேன், அதற்குப் பிறகு யார் பாடினாலும் கிளம்பிவிடுவேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தாள்.

பாட வந்தவர் ரெமி அருளப்பன். எழுபத்தொரு வயது. பிறந்தது இந்தப் புதுச்சேரியில். ஒன்பது வயதில் பெற்றோரோடு கப்பல் ஏறி மர்செய்ல் பக்கம் போய், அங்கே கிடாரும் பாட்டுமாகப் பெரிய ஆளாகிவிட்டார். முதலியார்பேட்டையில் செல்வி வீட்டு மாடியில் குடியிருந்த குடும்பம் ஒன்று பாரிஸிலிருந்து வரும்போது அவருடைய கேசட்டைக் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது. செல்வி மில் தொழிலாளியின் மகள். பிரெஞ்சில் 'போன்ஜூர்' தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கேசட் முழுவதும் மனப்பாடம். இரண்டாவது பக்கத்தில் இரண்டாவது பாட்டு அவளுக்கு உயிர். அதில் கடைசியில் குரல் நின்றுவிடும், கிடார் மட்டும் தனியாகப் போகும். அதை நேரில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதுதான் போனில் கிடைக்கிறதே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "பேஷண்ட்ட போன்ல பாத்து ஊசி போட முடியுமா?" என்றாள். பாஸ் வாங்கினேன்.

ஆறு மணிக்கு ரெமி வந்தார். உண்மையிலேயே ஆறு மணிக்கு. தோல் அரைச்சட்டை, பின்னால் முடிந்த வெள்ளை முடி, நீண்ட கால்கள். நேராகக் கிடாரை நோக்கி நடந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஆறாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்தது ஆறு இருபத்துநான்குக்கு. குத்துவிளக்கின் ஐந்து திரிகளில் நான்கைக் கடற்காற்று அணைத்தது. ஐந்தும் ஏற்றப்படும்வரை காத்திருந்தோம். வரவேற்புரை. பிறகு தலைமையுரை. பேசியவர் தமக்கு இந்த வகை இசையில் பழக்கமில்லை என்று ஒப்புக்கொண்டார்; ஒப்புக்கொள்ள ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்தவர் மண்ணின் மைந்தர் என்று தொடங்கி, மண் என்றதும் நினைவுக்கு வந்து, தம் தெருவின் வாய்க்கால் பிரச்சினையை முழுமையாக விளக்கினார். முன்வரிசை சோபாக்களில் அதிகாரிகளின் வீட்டார் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பின்னால் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொரு பேச்சாளர் மூச்சு வாங்கும்போதும் கைதட்டினார்கள், முடிந்துவிட்டதென்று. முடியவில்லை.

ஆறு ஐம்பத்தேழுக்குச் சால்வைகள் தொடங்கின.

பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், ஓய்வூதியர் சங்கம், மீனவர் கூட்டுறவு, தட்டாஞ்சாவடி சிறுதொழில் அதிபர்கள். ஒவ்வொருவரும் மேடையேறி, போர்த்தி, போட்டோகிராபர் பக்கம் திரும்பி, அவர் சரியாக எடுக்கவில்லை என்று மறுபடி திரும்பி, பிறகு சொந்தப் போனிலும் ஒன்று. ரெமியின் தோளிலிருந்து எடுத்த சால்வை மேடைக்குப் பின்னால் போய், மடிக்கப்பட்டு, மறுபடி வரிசைக்கு வந்தது. (பச்சைக் கரையில் குழம்புக் கறை இருந்த ஒன்றை மூன்று முறை பார்த்தேன்.)

"ஏங்க, இன்னும் எத்தினி பேரு?" என்றாள் செல்வி. சட்டையில் குத்தியிருந்த நர்ஸ் கடிகாரத்தில் ஏழு மூன்று.

என் ரத்தம் கொதித்தது. ஒரு பெண் இருபத்தைந்து வருடமாகக் காத்திருக்கிறாள், அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, அதைச் சால்வை மடிக்கிறவர்கள் தின்கிறார்கள். குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். 'நேரமாகிறது. தயவுசெய்து பாடகரைப் பாட விடுங்கள்' என்று எழுதினேன். பெயர் போடாத சீட்டை யார் மதிப்பார்கள்? அடியில் பெயரையும் நாளிதழையும் கொட்டை எழுத்தில் எழுதி, மேடையோரம் நின்ற தொண்டரிடம் கொடுத்தேன்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மேடைக்கு ஒரு சீட்டுப் போனால் அதற்கு ஒரே பொருள்தான்: என்னையும் கூப்பிடு. அந்தச் சீட்டில் பெயரைத் தவிர வேறெதையும் யாரும் படிப்பதில்லை. பத்தொன்பது வருடம் பார்த்த வழக்கம். எனக்கு மட்டும் அன்று மறந்துபோனது.

"அடுத்ததாக, மூத்த செய்தியாளர் திரு. இளங்கோவன் அவர்கள் பொன்னாடை அணிவிப்பார்" என்றார் தொகுப்பாளர்.

செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீங்களுமா?" என்றாள்.

விளக்கம் சொல்ல நேரமில்லை. தொகுப்பாளரிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று மேடையேறினேன். ஏறுவதற்குள் கையில் சால்வையைத் திணித்தார்கள். பச்சைக் கரை. வரிசையில் பதினேழாவதாக ரெமியின் தோளில் போட்டேன். அவர் என் காதருகே குனிந்து, அறுபது வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடத் தமிழில் கேட்டார்: "அண்ணே, எப்ப வுடுவாங்க?"

எழுபத்தொரு வயதுக்காரர் என்னை அண்ணே என்கிறார். அந்தக் கேள்வியோடு என் பொறுமை முறிந்தது. பத்திரிகைக்காரர் என்ற மரியாதைக்காக, ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கையும் நீட்டினார்கள். வாங்கினேன்.

முதல் வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. "நாம் பேசக் கூடியிருக்கிறோமா, கேட்கவா?" என்றேன். பின்வரிசைப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அங்கேயே மைக்கைக் கொடுத்திருந்தால் நான் அன்றைய நாயகன். ஆனால் கைதட்டல் எனக்குப் புதிது. எழுதுகிறவனுக்கு யார் தட்டுகிறார்கள்? இரண்டாவது வாக்கியம் சொன்னேன். நேரம் தவறும் நம் பழக்கம், தாமதமாக வரும் ரயில், பிரெஞ்சுக்காரர்களின் ஒழுங்கு (நான் பிரான்ஸைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்), பேச்சாளர்கள் பிறர் நேரத்தைத் திருடுவது. பிறர் நேரத்தைத் திருடுவதைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசினேன். மொத்தம் ஐந்து. பின்னர் வீடியோவில் சரிபார்த்தேன்.

முடித்ததும் தொகுப்பாளர் என்னைக் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "பத்திரிகை நண்பர் பேசனாரு. மனசுக்கு வருத்தமா கீது" என்று தொடங்கினார். சங்கத்தின் இருபது வருடத் தொண்டுகளை வரிசையாகச் சொன்னார். அவர் முடிக்கும் முன்பே ஓய்வூதியர் சங்கமும் வருத்தம் தெரிவிக்கக் கையைத் தூக்கியது.

மேடையிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சீருடை எழுந்தது. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, முழங்கால்களை ஒதுக்கச் சொல்லி, ஒவ்வொரு நாற்காலியாகக் கடந்து வெளியே வந்தது. ஒருமுறை என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். கோபமாகக்கூட இல்லை. வாசலை நோக்கி நடந்தாள். இறங்க முயன்றேன். இருபுறமும் பிரமுகர்களின் முழங்கால்கள். பெரியவர் பேசும்போது எழாதே என்று ஒரு கை என் தோளை அழுத்தியது.

ஏழு இருபத்தொன்பதுக்கு ரெமி எழுந்தார். யாரும் அழைக்கவில்லை. வந்ததும் போட்ட மாலையைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார். கிடாரை எடுத்து, பேசிக்கொண்டிருந்தவர் தோளை மெல்லத் தட்டி நகர்த்திவிட்டு, தந்தியில் விரலை வைத்தார்.

அந்தப் பாட்டுதான். முதலாவதாக அதையே பாடினார்.

எனக்கு இசை தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். எட்டடி தூரத்தில், முதுகுப் பக்கமிருந்து பார்த்தேன். குரல் உடைந்திருந்தது, மேல் சுருதிக்குப் போகும் இடங்களில் அவர் பாடாமல் மைக்கை விட்டு விலகினார், கூட்டம் பாடியது. இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் நின்று கிடார் தனியாகப் போனபோது அந்த விரல்களுக்கு வயதே இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் கையில் அது உருகி வழிந்தது. கறுப்பு டீ-ஷர்ட்டுகள் நாற்காலிமேல் ஏறி நின்றன. அவர் தோளெலும்பு சட்டைக்குள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, குறிப்பெடுக்க மறந்தேன்.

கிடார் இன்னும் போய்க்கொண்டிருந்தபோதே நினைவு வந்து செல்விக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள், எடுத்தாள். போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அவளுக்குக் கேட்கிறதா என்று எப்படித் தெரியும்? நடுநடுவே போனை வாயருகே கொண்டுவந்து கேட்டேன். பாட்டு முடியும்வரை அவள் காதில் விழுந்தது ஒரு இரைச்சலும், "கேக்குதா? கேக்குதா?" என்ற என் குரலும்தான்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வீடு திரும்பினாள். எங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தை பஸ்ஸிலேயே பார்த்திருந்தாள். படத்தில் நான் சிரித்தபடி சால்வை போர்த்துகிறேன். டீ போட்டு வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டாள்.

"பாடனாரா?"

"பாடனாரு."

"அந்தப் பாட்டு?"

"அதான் மொதல்ல."

பாதி டீ குடித்த பிறகு கேட்டாள்: "எப்டி இருந்துச்சி, சொல்லுங்க. நல்லா பேசுவீங்களே."

"நல்லா இருந்துச்சி" என்றேன்.

இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சாப்பிடும்போது அரசியலைப் பற்றி நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கினால், கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி வந்து என் தோளில் போர்த்தி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறாள். மச்சினன் மகன் கல்யாணத்தில் பெண்வீட்டாருக்கு என்னை அறிமுகம் செய்தபோது, "இவர்ட்ட மட்டும் மைக் குடுத்துடாதீங்க" என்றுதான் சொன்னார்கள்.

போன வருடம் ரெமி, மறுபடி இந்த ஊருக்கு வராமலேயே, மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். செய்தி ஏஜென்சியிலிருந்து வந்த நான்கு வரியை ஏழாம் பக்கத்தில் வைத்தவன் நான்.